நுரையீரல் சலவை நிலையம்

அந்த மண்டபத்தில் ஒரு காலத்தில் சோபா விற்றார்கள். வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு டயர் விற்றார்கள். அதுவும் படுத்துவிட்டது. இப்போது அங்கே ஆளுக்கு ஒரு ஜாடித் தண்ணீர் கொடுத்து ஊதச் சொல்கிறார்கள். வாசலில் நிற்க இடமில்லை.

காலை ஏழு மணிக்கே வரிசை பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, பல் டாக்டர் வாசலைத் தாண்டி, சலூன் வரைக்கும் நீண்டுவிடும். இருமுகிறவர்கள் பாதிப் பேர். இருமுகிறவர்களுக்குத் துணைக்கு வந்தவர்கள் மீதிப் பாதி. இந்த இரண்டு கணக்கிலும் சேராமல் சிலர் உண்டு. "என்ன இங்க இவ்வளவு கூட்டம்?" என்று விசாரிக்க வந்து, "எதுக்கும் இருக்கட்டும்" என்று தாங்களும் நின்றுவிட்டவர்கள். நம் ஜனங்களுக்கு வரிசை ஒன்றைக் கண்டால் போதும், அதன் வால் எங்கே இருக்கிறது என்று கால் தானாகத் தேடும்.

வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு தட்டி.

"உங்கள் நுரையீரலைத் துவைத்துத் தருகிறோம்! ஊசி இல்லை, மாத்திரை இல்லை, கத்தி இல்லை. ஊதினால் போதும்! - மூச்சரசர்."

இதற்கு முன் அவர் எதற்கு அரசராக இருந்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

துவைக்கிற முறை இதுதான். மேடையில் மேஜை. மேஜையில் கண்ணாடி ஜாடி. ஜாடியில் பளிங்கு மாதிரி தண்ணீர். அதற்குள் ஒரு கண்ணாடிக் குழாய். நோயாளி குழாயில் வாய் வைத்து ஊதவேண்டும். குமிழி குமிழியாகக் காற்று இறங்கும். பத்து எண்ணுவதற்குள் தண்ணீர் மங்கும். இருபது எண்ணுவதற்குள் பால் மாதிரி வெளுத்துவிடும்.

"பாத்தீங்களா?" என்பார் மூச்சரசர். வானத்து நீலத்தில் சட்டை, தேன் ஒழுகும் குரல். "இத்தனை வருஷமா உங்களுக்குள்ள உறைஞ்சு கிடந்த நஞ்சு. ஊது, கண்ணு, ஊது. எல்லாம் வெளிய வரட்டும்."

கூட்டம் 'உச்' கொட்டும். ஊதியவருக்கே தன் மேல் இரக்கம் வந்து கண் கலங்கும்.

மொத்தம் நான்கு அமர்வுகள். முதல் மூன்றிலும் ஜாடி வெளுக்கும். நான்காவதுக்குப் பெயர் தெளிவு நாள். மாதக் கடைசி ஞாயிறு. அன்றைக்கு எவ்வளவு ஊதினாலும் தண்ணீர் அப்படியே தெளிவாக இருக்கும். நுரையீரல் துவைத்தாயிற்று! கைதட்டல். கண்ணீர். உறையில் அன்பளிப்பு. ஜாடிகளை உள்ளறையில் நிரப்புகிறவர் மூச்சரசரின் மைத்துனர் ஒருவர்தான். வேறு கை பட்டால் தண்ணீரின் சக்தி போய்விடுமாம். அப்படியா என்று ஊரே தலையாட்டியது.

படுத்த படுக்கையாக இருப்பவர்களையும் அவர் கைவிடவில்லை. கருணை அப்படி. அவர்கள் வீட்டிலேயே ஒரு பலூனை ஊதி, வாயை இறுக்கக் கட்டி, சொந்தக்காரர் கையில் கொடுத்தனுப்பலாம். பலூன் காற்றைக் குழாய் வழியாக ஜாடிக்குள் விட்டு, ஆளைப் பார்க்காமலே நோயைச் சொல்லிவிடுவார்.

இந்த வரிசையில் ஒருநாள் லிஃப்ட்காரர் வந்து நின்றார்.

வயது நாற்பத்தொன்பது. முப்பது கட்டிடங்களின் லிஃப்டுகள் அவர் கையில். லிஃப்ட் கெட்டுப்போனால் அதைச் சரிசெய்ய வருகிறவர் படியேறித்தான் வரவேண்டும் என்பது அந்தத் தொழிலின் சாபம். இருபத்தைந்து வருடமாகப் பத்து மாடி, பன்னிரண்டு மாடி என்று அனாயாசமாக ஏறி இறங்கியவர். போன வருடம் எட்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு ஐந்தாவதில். பிறகு மூன்றாவதில். கூடவே ஓர் இருமல். சளி வராது, ரத்தம் வராது, ஒன்றும் வராது. சும்மா இருமல், பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி.

அவர் மனைவி ஒரு தையல் கூடத்தில் சட்டைக்குக் காலர் வைக்கிறவர். அவர்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நுரையீரல் டாக்டரம்மாவிடம் போனார்.

டாக்டரம்மா முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். பையில் ஒட்டியிருக்கிற பட்டையைப் பிரித்தால் 'சரசர' என்று ஒரு சத்தம் வருமே, மூச்சை இழுக்கும்போதெல்லாம் நுரையீரலின் அடியில் அந்தச் சத்தம். விரல் நுனிகளைப் பார்த்தார். ஊதச் சொன்னார். ஆறு நிமிடம் தாழ்வாரத்தில் நடக்கவிட்டு, விரலில் ஒரு சின்ன மீட்டரை மாட்டி ஆக்ஸிஜன் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்துக்கொண்டார். ஸ்கேன் எடுத்தார். அதற்கப்புறம் கேள்வி.

"கல் உடைக்கிற இடம், பஞ்சு, மாவு மில்லு, இதுமாதிரி தூசில வேலை செஞ்சிருக்கீங்களா?"

"இல்ல டாக்டர்."

"மூட்டு வலி? ரொம்ப நாளா சாப்பிடுற மாத்திரை ஏதாவது?"

"இல்ல."

"வீட்டுச் சுவத்துல ஈரம், பூஞ்சை? பறவை ஏதாவது வளர்க்கறீங்களா?"

லிஃப்ட்காரரின் முகம் மலர்ந்தது. "புறா! மொத்தம் முப்பத்தெட்டு. மொட்டை மாடியில. தினமும் காலையில நானே கூண்டைக் கூட்டிச் சுத்தம் பண்றேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு வந்திருக்கறது நுரையீரல் இடைத்திசு நோய். இது ஒரு நோய் இல்ல, இருநூறுக்கு மேல நோய்ங்க இருக்கற ஒரு பெரிய குடும்பம். நுரையீரல்ல காத்து வந்து நிக்கற குட்டிக் குட்டி அறைங்க இருக்கு. அந்த அறைக்கும் ரத்தக் குழாய்க்கும் நடுவுல வெங்காயத் தோலை விட மெல்லிசா ஒரு சுவர். அந்தச் சுவர் வீங்கி, தடிச்சு, கடைசில தழும்பாயிடுது. காத்து உள்ள வருது. ஆக்ஸிஜன் ரத்தத்துக்குப் போகமாட்டேங்குது."

"லிஃப்ட் வந்து நின்னுடுச்சு, கதவு திறக்கல," என்றார் லிஃப்ட்காரர்.

"அதேதான்! நிறையப் பேருக்கு இது ஏன் வருதுன்னே எங்களுக்குத் தெரியறதில்ல. உங்க விஷயத்துல ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் ஒரே பக்கம்தான் கை காட்டுது. புறாவோட இறகுத் தூசி, எச்சத் தூசி. உங்க உடம்புக்கு அது ஆகல. தினமும் சுவாசிச்சு தினமும் வீங்குது."

"அப்போ என்ன டாக்டர் மருந்து?"

"முதல் மருந்து, புறா இருக்கக்கூடாது. ரெண்டாவது, வீக்கம் குறைய மாத்திரை. அதை நான் சொல்லாம திடீர்னு நிறுத்தக்கூடாது. மூணாவது, மூச்சுப் பயிற்சி, தடுப்பூசி. நடக்கும்போது ஆக்ஸிஜன் இறங்குது, அதுக்கு ஒரு சின்ன சிலிண்டர். ஏற்கெனவே விழுந்த தழும்பு மாறாது. புதுசா விழாம பாத்துக்கலாம். எவ்வளவு தூரம்னு இப்பவே என்னால உறுதியா சொல்ல முடியாது."

சிலிண்டர், பயிற்சி, மாத்திரை எதுவும் லிஃப்ட்காரர் காதில் விழவில்லை. முதல் மருந்திலேயே அவர் நின்றுவிட்டார்.

"புறாவை விடறதா? பொண்டாட்டிய விடுன்னு சொல்லியிருந்தாக்கூட யோசிச்சிருப்பேன்!"

பக்கத்திலேயே பொண்டாட்டி உட்கார்ந்திருந்தார். "யோசிங்களேன், பாக்கலாம்," என்றார்.

இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். இருமல் கொஞ்சம் தணிந்தது. ஆனால் காலையில் கூண்டைக் கூட்டுவதை மட்டும் விடவில்லை. மூக்கில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு போவார். அந்தத் தூசிக்குக் கைக்குட்டை ஒரு தடையே இல்லை. மாத்திரை ஒரு படி ஏற்றும், கூண்டு இரண்டு படி இறக்கும். "மருந்து வேலை செய்யல" என்ற முடிவுக்கு அவர் வந்தார். அந்த நேரம் பார்த்துத்தான் தட்டி கண்ணில் பட்டது.

முதல் அமர்வில் அவர் ஊதிய ஜாடி எல்லோருடையதையும் போலவே வெளுத்தது.

"இருபது வருஷத்து நஞ்சு," என்றார் மூச்சரசர். "டாக்டர் என்ன சொன்னார்?"

"புறாவை விடச் சொன்னாங்க ஐயா."

மூச்சரசர் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த ஆளுக்கு நுரையீரலைப் படிக்கத் தெரியாது. முகத்தைப் படிக்க நன்றாகத் தெரியும்.

"புறாவா? வானத்துக் காத்தையே குடிச்சு வாழற ஜீவன் அது! அது பக்கத்துல இருந்தா மூச்சு வளரும். நல்லா வச்சுக்கங்க. இந்த மாத்திரை இருக்கே, அதுதான் உள்ள நஞ்சைத் திரள வைக்குது. நிறுத்துங்க. சிலிண்டரும் வேண்டாம். இரவல் மூச்சு உடம்புல ஒட்டாது."

லிஃப்ட்காரருக்கு அந்த இடத்திலேயே பாதி நோய் போன மாதிரி இருந்தது. இருக்காதா? மனசுக்குப் பிடித்ததைச் சொல்கிறவர் வாயிலிருந்து வருவதெல்லாம் அருள்வாக்கு. பிடிக்காததைச் சொல்கிறவருக்கு என்ன தெரியும், பாவம், படித்தவர்.

மாத்திரை அலமாரிக்குப் போனது. சிலிண்டர் கட்டிலுக்கு அடியில் போனது. புறாக்கூண்டில் இன்னும் இரண்டு ஜோடி ஏறியது.

மூன்றாவது அமர்வுக்கு அவரால் தனியாக நடந்து போக முடியவில்லை. ஒரு தோளை மனைவி தாங்கினார். இன்னொரு தோளைத் தாங்கத் தன் தங்கையை வரச் சொல்லியிருந்தார்.

இந்தத் தங்கை ஒரு பள்ளிக்கூடத்து அறிவியல் கூடத்தில் உதவியாளர். குடுவை கழுவுவது, அமிலம் ஊற்றி வைப்பது, உடைந்த கண்ணாடிக்குக் கையெழுத்து வாங்குவது. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பாள். அதனால் குடும்பத்தில் அவளுக்குக் 'கேள்வித்தாள்' என்று பெயர். பெண் பார்க்க வந்தவரிடமே பதினான்கு கேள்வி கேட்டாள். பதினைந்தாவது கேட்பதற்குள் அவர் சம்மதித்துவிட்டார்.

மேடையில் மாமா ஊதினார். ஜாடி மங்கியது. வெளுத்தது. கூட்டம் 'உச்' கொட்டியது.

கேள்வித்தாள் கொல்லென்று சிரித்துவிட்டாள்.

முந்நூறு தலைகள் திரும்பின. அக்கா தொடையில் கிள்ளினாள். "அறிவிருக்காடி? மனுஷன் உயிருக்குப் போராடறார், நீ சிரிக்கிற!"

"அக்கா, இது தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி. எங்க ஸ்கூல்ல எட்டாங்கிளாஸ் பசங்க வருஷா வருஷம் ஊதறாங்க. அறுபது பேரு ஊதினா அறுபது பேருக்கும் வெளுக்கும். அப்போ எட்டாங்கிளாஸ் மொத்தமும் சாகக் கிடக்குதா?"

வீட்டுக்கு வந்ததும் சண்டை.

"உனக்கு என்ன தெரியும்?" என்றார் லிஃப்ட்காரர். ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினார். "அந்த மனுஷன்... எத்தனை பேரைக் காப்பாத்தியிருக்கார்... தெரியுமா?"

"ஒருத்தரைக் காட்டுங்க மாமா."

"தெளிவு நாள் அன்னிக்கு... வந்து பாரு. ஜாடி வெளுக்கவே வெளுக்காது."

"ஏன்னா அன்னிக்கு ஊத்தறது பச்சைத் தண்ணி!"

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"அப்புறம் பேசாத."

பார்க்காமல் சொன்னது தப்புதான் என்று அவளுக்கே பட்டது. பக்கத்து ஃபார்மசிக்குப் போய், விரலில் மாட்டுகிற அந்தச் சின்ன மீட்டரை வாங்கி வந்தாள். உட்கார்ந்திருக்கும்போது மாமாவுக்குத் தொண்ணூறு காட்டியது. சமையலறை வரை நடந்து தண்ணீர் எடுத்து வந்தார். எண்பத்திரண்டு. உதடு லேசாக நீலம் பூத்திருந்தது.

அக்கா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எண்பத்திரண்டுன்னா என்னடி?"

"தொண்ணூத்தஞ்சுக்கு மேல இருக்கணும்கா."

அக்கா எழுந்து போய், அலமாரியிலிருந்து மாத்திரையை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அதைத் தள்ளிவிட்டார்.

"ஞாயித்துக்கிழமை... தெளிவு நாள். அது முடியட்டும்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. அந்த இரண்டு நாளும் அக்கா அவருடைய மூச்சை எண்ணிக்கொண்டே காலர் தைத்தாள். பதினோரு காலர் தலைகீழாகப் போனது.

தெளிவு நாளன்று மண்டபம் பிதுங்கியது. மூச்சரசர் அன்று வெள்ளைச் சட்டை. மேஜையின் இடப்பக்கம் புது நோயாளிகளுக்கான ஜாடிகள், வலப்பக்கம் தெளிவு ஜாடிகள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல. மைத்துனர் மட்டும் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் கண்ணிமைக்காமல் காவல் நின்றார்.

முதலில் பலூன் வந்தவர்களைக் கூப்பிட்டார்கள். கேள்வித்தாள் கையில் ஒரு சிவப்புப் பலூனுடன் மேடை ஏறினாள். அடையாளம் தெரியாதபடி தலையில் இழுத்துப் போர்த்தியிருந்த சேலைத் தலைப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் ஒன்றும் இல்லை. ஆனால் மூச்சரசரும் துடைப்பதை மட்டும்தான் பார்த்தார்.

"யாரும்மா இது, உனக்கு என்ன உறவு?"

"ரொம்ப வேண்டியவர் ஐயா. எந்த விசேஷம்னாலும் அவர் இல்லாம நடக்காது. வெயில் காலத்துல வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் அவர்தான் ஆறுதல். இப்போ எந்திரிக்கவே முடியல. வச்ச இடத்துலயே இருக்கார்."

"உடம்புக்கு என்ன பண்ணுது?"

"உள்ளுக்குள்ளயே ஒரே பொங்கல், ஐயா. கொஞ்சம் அசைச்சாலே நுரை தள்ளுது."

மூச்சரசர் கண்ணை மூடிக் கேட்டார். பலூன் வாயைக் குழாயில் செருகி இடப்பக்கத்து ஜாடிக்குள் காற்றை விட்டார். பத்து எண்ணவேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டே குமிழி. ஜாடி முழுக்க மோர் மாதிரி வெளுத்துவிட்டது. இந்த மண்டபத்தில் இவ்வளவு வேகமாக எந்த ஜாடியும் வெளுத்தது கிடையாது. மூச்சரசரே ஒரு அடி பின்னால் போனார்.

"அய்யய்யோ!" என்றார். நடிப்பு கொஞ்சம், நிஜ ஆச்சரியம் கொஞ்சம். "என் வாழ்நாள்ல இப்படி ஒரு நுரையீரலைப் பாத்ததில்ல! ரெண்டு பக்கமும் போயிடுச்சு. கல்லீரலையும் தொட்டாச்சு. அவருக்குக் குடிப்பழக்கம் உண்டா?"

"இல்லைங்க. அவரைத்தான் மத்தவங்க குடிப்பாங்க."

மூச்சரசருக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்ற? இப்படியே விட்டா மூணு மாசம் தாங்கமாட்டார். நாலு அமர்வு பத்தாது, பன்னெண்டு வேணும். அவர் பேரைச் சொல்லு, தனியா எழுதி வைக்கறேன்."

கேள்வித்தாள் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேஜை மேல் வைத்தாள். பாதி காலியான சோடா பாட்டில்.

"இவர்தான் ஐயா. இவர் கழுத்துல பலூனை மாட்டிக் குலுக்கினேன். அவ்வளவுதான்."

மண்டபம் ஒரு நொடி மூச்சு விடவில்லை. பிறகு பின்வரிசையில் யாரோ 'களுக்' என்றார்கள். அது முன்வரிசைக்கு வருவதற்குள் வெடிச் சிரிப்பாகிவிட்டது.

"சோடாவுக்குக் கல்லீரல் போயிடுச்சாம்!" என்று ஒரு பேக்கரிக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாள் முன்புதான் தன் கல்லீரலும் போய்விட்டதாக இதே மேடையில் சொல்லி அழுதிருந்தார்.

மூச்சரசர் சமாளித்தார். அந்தத் தொழிலில் அதுதானே முதலீடு. "அம்மா, நீ அசுத்தமான நோக்கத்தோட வந்திருக்கே. நம்பிக்கையில்லாத கை பட்டா தண்ணி அப்படித்தான் பேசும்! மத்தவங்க ஜாடிய வச்சுச் சோதிக்காத. இங்க குணமானவங்க இருக்காங்க. அவங்களைக் கேளு!"

"கேக்கலாம்," என்று ஒரு குரல் வந்தது.

லிஃப்ட்காரர் எழுந்து நின்றிருந்தார். மனைவி தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக மேடை ஏறினார். மூன்றே படி. மூன்று படிக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டு மாடி ஏறிய கால்.

"ஐயா... நான் இன்னிக்குக் குணமாயிடுவேன்னு... சொன்னீங்க."

"ஆமா! இதோ, தெளிவு ஜாடி. ஊதுங்க!"

அவர் வலப்பக்கத்து ஜாடியில் ஊதினார். தண்ணீர் அப்படியே தெளிவாக இருந்தது. மூச்சரசர் கையைத் தூக்கினார். "பாருங்க!"

லிஃப்ட்காரர் கைதட்டலுக்குக் காத்திருக்கவில்லை. இடப்பக்கத்து ஜாடி ஒன்றைத் தன் பக்கம் இழுத்தார். மைத்துனர் பாய்ந்து வந்தார். அதற்குள் லிஃப்ட்காரரின் மனைவி குறுக்கே நின்றுகொண்டார். வாழ்நாள் முழுக்கக் காலர் தைத்தவர். அன்று முதல்முறையாக ஒரு காலரைப் பிடித்தார்.

லிஃப்ட்காரர் அந்த ஜாடியில் ஊதினார். மங்கியது. வெளுத்தது.

அவர் வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு இடப்பக்கத்திலிருந்து இன்னொரு ஜாடியை இழுத்து, அதன் குழாயை மூச்சரசர் பக்கம் திருப்பினார்.

"இப்ப நீங்க ஊதுங்க ஐயா. உங்க நுரையீரல்... சுத்தமானது தானே?"

"எனக்கு இன்னிக்குத் தொண்டை சரியில்ல."

"எனக்கு... நுரையீரலே சரியில்ல. நான் ஊதல?"

கூட்டம் எழுந்து மேடையைச் சுற்றி நின்றுவிட்டது. கிரானைட் கல் மெருகேற்றும் ஒரு ஆள், அவரும் நோயாளிதான், கதவுப் பக்கம் போய்ச் சாய்ந்து நின்றார். வேறு வழியில்லாமல் மூச்சரசர் குழாயில் வாய் வைத்தார். முடிந்த மட்டும் மூச்சை அடக்கி, எறும்பு தும்முகிற மாதிரி ஊதினார். கேள்வித்தாள் சத்தமாக எண்ணினாள். கூட்டமும் சேர்ந்து எண்ணியது. முப்பத்தைந்தில் மங்கியது. எழுபதில் மூச்சரசர் ஊதிய ஜாடியும் பால்.

"அடடா! ஐயாவுக்கும் நஞ்சு!" என்றார் கிரானைட்காரர்.

"யாருக்கும் நஞ்சு இல்ல," என்றாள் கேள்வித்தாள். "சுண்ணாம்பைத் தண்ணியில கலக்கி, அடங்க விட்டு, மேலாப்ல தெளிஞ்சதை எடுத்தா இந்தத் தண்ணி. நாம எல்லாரும் வெளிய விடுற மூச்சுல கரியமில வாயு இருக்கு. சோடாவுல இருக்கறதும் அதே வாயுதான். அது பட்டா இது வெளுக்கும். பயில்வான் ஊதினாலும் வெளுக்கும், பச்சைக் குழந்தை ஊதினாலும் வெளுக்கும். வெளுக்காத இந்த ஜாடியில இருக்கறது குழாய்த் தண்ணி."

மைத்துனர் தலையைக் குனிந்துகொண்டார். சொந்தக்காரர்கள் சில நேரம் அப்படி உதவுவார்கள்.

உள்ளறையில் மூட்டை மூட்டையாக வெள்ளையடிக்கிற சுண்ணாம்பு இருந்தது. சுகாதார அதிகாரிகள் வந்தார்கள், போலீஸ் வந்தது. மூச்சரசர் வண்டியில் ஏறும்போது அவருக்கு மூச்சிரைத்தது. யாரும் ஜாடி நீட்டவில்லை.

இதையெல்லாம் பார்க்க லிஃப்ட்காரர் அங்கே இல்லை. மேடையிலேயே கண் இருட்டி உட்கார்ந்துவிட்டார். மீட்டர் எழுபத்தாறு காட்டியது. ஆம்புலன்ஸில் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டியபோது அவர் அதைத் தள்ளவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா திட்டவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

"மாத்திரைய திடீர்னு நிறுத்தினதுல உடம்பே தளர்ந்து போயிருக்கு. தழும்பும் கொஞ்சம் கூடியிருக்கு," என்றார். "அந்தக் கொஞ்சம் திரும்பி வராது. மீதியக் காப்பாத்தலாம்."

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?"

"தெரியாது. நீங்க ஒத்துழைச்சா நல்லா நிறைய நாளைக்குன்னு நம்பறேன். தழும்பு மேலும் கூடிட்டே போனா, அது வேகமா பரவாம தடுக்க இன்னொரு மருந்தும் இருக்கு. தேவைப்பட்டா ஆரம்பிக்கலாம்."

பதினேழு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நான்காவது நாள் மனைவியைக் கூப்பிட்டார்.

"ஊருக்கு வெளிய தோட்டம் வச்சிருக்கானே, எங்கூட லிஃப்ட் வேலை பாத்தவன். அவனுக்குப் புறான்னா உசுரு. மொத்தத்தையும் கொடுத்துடு. நான் வர்றதுக்குள்ள கூண்டையும் எடுத்துடுங்க. அந்தத் தூசிய ஆளை வச்சு ஈரத்துணியால துடைக்கச் சொல்லு, நீ போகாத." போர்வையை மார்பு வரை இழுத்துக்கொண்டார். "வெள்ளைப் பெட்டை ஒண்ணு இருக்கு, காலு கொஞ்சம் சாய்ச்சு நடக்கும். அதுக்குத் தனியா தீனி வைக்கணும்னு சொல்லு. இல்லேன்னா மத்ததுங்க விடாது."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மனைவி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். புறாவை விடுவதும் ஒரு சிகிச்சைதான். அதற்கு மயக்க மருந்து கிடையாது.

ஆறு மாதம் ஆயிற்று. இப்போது அவர் மாடி ஏறுவதில்லை. கம்பெனியில் உட்கார்ந்த இடத்தில் லிஃப்டின் கட்டுப்பாட்டுப் பலகைகளைப் பழுதுபார்க்கிற வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். நடக்கும்போது தோளில் சின்ன சிலிண்டர். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் மூச்சுப் பயிற்சி வகுப்பு. ஆறு நிமிட நடையில் முன்பு நூற்றிருபது மீட்டரில் நின்றவர், போன வாரம் முந்நூற்றுப் பத்து மீட்டர் நடந்தார். குணமாகவில்லை. குணமாகிவிட்டதாக யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை. மனைவியோடு சேர்ந்து கடைத்தெரு வரை நடந்து, வழி நெடுகச் சண்டை போடுகிற அளவுக்கு மூச்சு இருக்கிறது. அது போதும் என்கிறார்.

மூச்சுப் பயிற்சி வகுப்புக்கு இப்போது பேக்கரிக்காரரும் வருகிறார், கிரானைட்காரரும் வருகிறார். ஒருநாள் மாமாவைக் கூட்டிப்போகக் கேள்வித்தாள் வந்து வெளியே பெஞ்சில் காத்திருந்தாள். பேக்கரிக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த ஆள் போலிதான். நான் இல்லைன்னு சொல்லல. ஆனா ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா வந்திருக்காங்களாம். உள்ளங்காலைத் தொட்டே நுரையீரல்ல இருக்கறதைச் சொல்லிடறாங்களாம். நேத்து போய் எட்டிப் பாத்தேன். கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம். எல்லாரும் வாசல்லயே செருப்பைக் கழட்டி வச்சுட்டுத்தான் உள்ள போறாங்க. அவ்வளவு பயபக்தி."

"போய்ட்டு வாங்க," என்றாள் கேள்வித்தாள். "ஆனா கழட்டும்போது செருப்பை மட்டும் கழட்டுங்க. போன தடவை மூளையையும் சேத்துக் கழட்டி வச்சுட்டுப் போனீங்க. திரும்பி வரும்போது செருப்பை மட்டும்தான் மாட்டிக்கிட்டு வந்தீங்க."